பேசிய பிஸ்கட் டப்பா

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் சில நாளாக உறுமிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை அடக்குவது போல. சேலையூரில் எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு ஊசி போட ஜெயசீலி அக்கா வருவார். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அன்று ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"எர்த்து விட்டுப்போயிருக்கு சார். எங்கயோ ஈயம் ஒட்டாம சும்மா தொட்டுக்கிட்டு நிக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தச் சத்தத்துக்குப் பொறவுதான் எங்க வீட்டுக்குப் போலீஸ் வந்துது."

ஊசி போட்டார், பஞ்சை அழுத்திப் பிடித்தார், போய்விட்டார். மீதிக் கதை அடுத்தடுத்த நாட்களில் துண்டு துண்டாக வந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். நான் எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும்.

"எழுதுங்க. ஆனா எல்லாரையும் மனுஷங்களா எழுதணும்."

சரி என்று உடனே தலையாட்டிவிட்டேன். அது எவ்வளவு பெரிய நிபந்தனை என்று ஆறாவது பகுதியை எழுதும்போதுதான் புரிந்தது.

2

தொடக்கம் ஒன்று: 'தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூன் மாதம், பீர்க்கன்கரணையில், துளசிங்கத்தின் வரிசை வீடுகளில் கடைசிப் போர்ஷனில் குண்டு வெடித்த'

இதைப் பாதியில் விட்டுவிட்டேன். வெடித்தது குண்டு அல்ல. முதல் வரியிலேயே உங்களை ஏமாற்றிவிட்டு அடுத்த வரியில் 'சும்மா சொன்னேன்' என்று பல்லிளிக்க விருப்பமில்லை.

தொடக்கம் இரண்டு: 'கிருபாவுக்கு மின்சாரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், ஸ்விட்சைக் கீழே தள்ளினால் விளக்கு எரியும், மேலே தள்ளினால் அணையும் என்பதுதான்.'

சிரிப்பு வருகிறது. அதனாலேயே வேண்டாம். சிரிக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போகிற இடம் இல்லை இது.

தொடக்கம் மூன்று: 'ஜெயசீலி படுத்திருந்தாள்.'

இது இருக்கட்டும்.

3

ஜெயசீலி படுத்திருந்தாள். (இங்கிருந்து அவர் 'அவள்'. கதையில் அவளுக்கு இருபத்துமூன்று வயது.) ஐந்தாம் மாதம். திடீரென்று உதிரம் பட்டது. அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே டாக்டரம்மா பார்த்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, பதற்றப்படக் கூடாது என்று சொல்லிவிட்டார். எத்தனையோ பேருக்கு அதே வார்த்தையை அவளே சொல்லியிருக்கிறாள். தனக்கு என்று வரும்போது அந்த வார்த்தைகள் கூரையில் மின்விசிறி சுற்றுவது மாதிரி இருந்தன. ஓடும், காற்று வராது.

கணவன் கிருபா, குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். இருவருக்கும் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து வருஷம்கூட ஆகவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. அவர்கள் பேசுவதே மற்றவர்களுக்குப் பாதி புரியாது.

வீட்டில் ஒரு கிடார் இருந்தது. ஜெயசீலியின் அண்ணன் குவைத்தில் வேலை பார்த்தவர். முந்தின வருஷம் அங்கே பக்கத்து நாட்டுப் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பினார். கையில் கிடார் மட்டும் இருந்தது. மின்சாரக் கிடார். அதோடு சேர வேண்டிய ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு பாலைவனத்தைத் தாண்ட முடியாது அல்லவா? ஆம்ப்ளிஃபையர் இல்லாத மின்சாரக் கிடார் வெறும் கட்டை. தந்தியை மீட்டினால் கொசு பாடுகிற மாதிரி கேட்கும். பார்க்கப் பிடிக்காமல் அதைத் தங்கைக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

ஜெயசீலிக்கு வாசிக்கத் தெரியும். ஊரில் சர்ச் பாடகர் குழுவில் சிறுமியாக இருந்தபோதே வாசித்தவள். படுக்கையில் கிடந்தபடி கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காதைத் தந்தியில் வைத்து, கொசுச் சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து வந்த கிருபா அதைப் பார்த்துவிட்டான்.

"நான் செய்து தாறேன்" என்றான்.

"எதை?"

"ஆம்ப்ளிஃபையர. புஸ்தகத்துல படம் போட்டிருக்கான். பார்த்து ஒட்டுனா போதும்."

பார்த்து ஒட்டினால் போதும். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் நம்புகிற வாக்கியம். [கதை எழுதுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.]

4

ரிச்சி தெருவில் சாமான் வாங்கினான். ஒரு ஐ.சி. சில்லு, சில கெப்பாசிட்டர்கள்*, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், பழைய ரேடியோவின் ஸ்பீக்கர். பெட்டிக்குப் பிஸ்கட் டப்பா. ஊதுகிற அடுப்பு போல் சூடாகி ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயனை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கட்டிலில் படுத்தபடி ஜெயசீலி படத்தைப் பிடித்துக் காட்டினாள். சில மாலைகளில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்தான்.

ஸ்விட்சைப் போட்டான்.

'டப்'.

சின்ன அறை. சிமெண்ட் சுவர். ஓலைவெடி போட்டது போல் கேட்டது. புகை, கருகல் நாற்றம், காகிதத் துணுக்குகள். ஜெயசீலி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

*(கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற சின்ன உருளை. சிலவற்றுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றி ஒட்டினால் வெடிக்கும். எனக்கும் தெரியாது, கிருபாவிடம் போய்க் கேட்டேன். "கெப்பாசிட்டரைப் பத்தி என்கிட்ட கேளுங்க சார். மீதியை அவகிட்ட கேளுங்க" என்றார். கெப்பாசிட்டரைப் பற்றி நிறையச் சொன்னார்.)

வரிசையில் இருந்த எல்லாக் கதவுகளும் திறந்தன. வீட்டுக்காரர் துளசிங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி தனக்கோடி.

"தம்பி! இன்னாப்பா வெடிச்சிது?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கெப்பாசிட்டர்."

"அது இன்னாது?"

"பிளஸ் மைனஸ மாத்திக் குடுத்திட்டேன். எனக்க தப்புதான்."

துளசிங்கம் உள்ளே எட்டிப் பார்த்தார். தரையெல்லாம் வயர், டிரான்ஸ்ஃபார்மர், டப்பா, கருகின தகடு.

"இந்த டைம்ல இதெல்லாம் தேவையாப்பா?" என்றார். கோபமாக அல்ல. கெஞ்சுகிற மாதிரி.

'இந்த டைம்' எது என்று அப்போது இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமரைக் கொன்ற அந்தக் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முடிச்சூர் வழியாகப் போனால் அந்த ஊர் பக்கம்தான். வாடகைக்கு இருப்பவர்கள் யார், எந்த ஊர், எப்போது வந்தார்கள் என்று போலீஸ் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கொஞ்சம் வித்தியாசமாகத் தமிழ் பேசினால் யாழ்ப்பாணத்து ஆளோ என்று முன் இருக்கையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். மார்த்தாண்டத்துத் தமிழும் யாழ்ப்பாணத்துத் தமிழும் ஒன்றல்ல. ஆனால் பயந்துபோன காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

5

நியாயமான ஒரு மனிதன் இங்கே நிறுத்தியிருப்பான். இந்த இடத்தில் நான் கிருபாவைச் சந்தேகித்தேன். ஏன் தொடர்ந்தான்? பிடிவாதமா? முட்டாள்தனமா? அவனுக்கு ஒரு பெரிய காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். [சின்ன வயதில் பறிகொடுத்த ஏதாவது, தகப்பன் ஏதாவது... வேண்டாம்.] ஜெயசீலி அக்காவிடமே கேட்டேன்.

"வெடிச்சப்ப நான் பயந்துட்டேன் இல்லியா? அப்படியே விட்டா எனக்கு அந்தப் பயம்தான் மிச்சம் இருக்கும்னு நினைச்சார் போல. பாட்டு வந்துட்டா பயம் போயிரும்னு."

இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வேறு கெப்பாசிட்டரைச் சரியான பக்கமாக ஒட்டினான். இந்தமுறை வெடிக்கவில்லை. உறுமியது. 'ம்ம்ம்ம்ம்'. கிடாரை மாட்டினால் இன்னும் சத்தமாக உறுமியது. தந்தியை மீட்டினால் உறுமலுக்கு அடியில் எங்கேயோ, கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுவது போல, ஒரு ஸ்வரம்.

டிரான்ஸ்ஃபார்மரை டப்பாவுக்கு வெளியே எடுத்து வைத்தான். கொஞ்சம் குறைந்தது. வயர்களைச் சுருக்கினான். கொஞ்சம் கூடியது. டப்பாவைத் தொட்டால் விரலில் 'சுள்'ளென்று சிற்றெறும்பு கடிக்கிற மாதிரி இருந்தது.

"நீ டப்பாவத் தொடாண்டாம் கேட்டியா" என்றான். "கால தரையில வைக்காண்டாம்."

"நான் எங்க காலத் தரையில வைக்கேன்? அதான் டாக்டர் கட்டில்ல போட்டிருக்காங்களே."

ஆனால் அவள் ஒன்றைக் கவனித்தாள். நர்ஸ். நோயாளியின் முகம் எப்போது மாறுகிறது என்று பார்த்துப் பழகியவள். உறுமல் எப்போதும் ஒரே மாதிரி இல்லை. கிடார் வயர் போய்ச் சேருகிற டப்பாவின் துளையருகே அவன் கை அசைந்தால் உறுமலும் அசைந்தது. சொன்னாள். அவன் அந்த இடத்தைப் பார்த்தான். ஈயம் பளபளவென்று நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

"அது சரியாத்தான் இருக்கு பிள்ளே."

சரியாக இருப்பது போல் இருந்தது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம், வெயில் இன்னும் இறங்காத நேரம், டப்பா பேசியது.

முதலில் கரகரப்பு. பிறகு ஒரு ஆண் குரல், மூக்கடைத்த மாதிரி, விட்டு விட்டு: '...நாகப்பட்டினத்துக்குத் தென்கிழக்கே... கடல் கொந்தளிப்பாக... ராமேஸ்வரம்... படகுகள்...'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிடார் வயர் ஏரியல் மாதிரி வானொலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வந்தது மீனவர்களுக்கான வானிலை அறிவிப்பு. புரிந்ததும் ஜெயசீலி சிரித்தாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவள் சிரிக்கவில்லை. வயிறு குலுங்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிருபாவும் சேர்ந்து சிரித்தான். ஆம்ப்ளிஃபையர் செய்யப்போய் ரேடியோ செய்துவிட்டான்!

ஜன்னலுக்கு வெளியே அடிபம்பில் தனக்கோடி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடி பாதியில் நின்றது.

6

இங்கே ஒரு மர்மம் வைக்கலாம். போலீஸிடம் சொன்னது யார்? கடைசிவரை இழுத்துக்கொண்டு போகலாம். வைக்கப்போவதில்லை. துளசிங்கம் சொன்னார்.

அவரை முதல் தடவை எழுதியபோது கெட்டவராக எழுதினேன். வயலை மனைகளாக்கி விற்று, வரிசை வீடு கட்டி, வாடகைக்கு விட்டு, மீசையை முறுக்கி... அந்த மீசை நான் ஒட்டியது. உண்மையில் அவருக்கு மீசையே கிடையாதாம். இரண்டாவது தடவை எழுதியபோது அளவுக்கு மீறி நல்லவராகிவிட்டார். மூன்றாவது தடவை, நடந்ததை மட்டும் எழுதினேன்:

தனக்கோடி குடத்தைப் பம்படியிலேயே விட்டுவிட்டு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"அந்தப் பொட்டி பேசுதுய்யா. நாகப்பட்டணம்ன்றான், ராமேஸ்வரம்ன்றான், படகுன்றான். இதுங்க ரெண்டும் கேட்டுகினு சிரிக்குதுங்க."

"ரேடியோவா இருக்கும்டி."

"ரேடியோ அதும்பாட்டுக்கு மூலைல கீது. இது வேற. அன்னிக்கி வெடிச்சிது பாரு, அந்த டப்பா."

துளசிங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மச்சான் முடிச்சூரில் வாடகைக்கு விட்ட வீட்டில் அகதிக் குடும்பம் ஒன்று இருந்தது. போலீஸில் பதிவு செய்யாமல் வைத்திருந்ததற்காக அந்த மச்சானைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் இன்னும் வீடு திரும்பவில்லை. துளசிங்கமும் கிருபாவைப் பற்றி எங்கேயும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

"கேட்டுட்டு வரட்டா, அந்தத் தம்பிகிட்டயே?" என்றார்.

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவானா?"

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார். தனக்கோடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

(இதை ஜெயசீலிக்குச் சொன்னது தனக்கோடிதான், பிற்பாடு. 'தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார்' என்பதை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நன்றாகச் சேர்த்திருக்கிறான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் சொல்கிறேன்.)

7

மறுநாள் பகல். விடுமுறை நாள். கிருபா வீட்டில் இருந்தான். ஜீப் சத்தம் கேட்டது. ஒரு சப் இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"பேரு?"

"கிருபா சார்."

"முழுப்பேரு."

"கிருபாகரன்."

"ஊரு?"

"மார்த்தாண்டம் பக்கம் சார். கன்னியாகுமரி ஜில்லா."

"பேச்சு அப்படி இல்லையே?"

"எங்க ஊர்ல இப்படித்தான் சார் பேசுவோம்."

சப் இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பார்த்தார். ஜெயசீலி எழுந்து உட்கார முயன்றாள். "படும்மா, படு" என்றார். பிறகு டப்பாவைப் பார்த்தார். கிட்டப் போகவில்லை.

"இது என்ன?"

"ஆம்ப்ளிஃபையர் சார். கிடாருக்கு."

"யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"எங்க படிச்ச?"

"படிக்கல்ல சார். புஸ்தகத்தப் பார்த்து..."

"போடு."

கிருபா ஸ்விட்சைப் போட்டான். உறுமல். அதற்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சினிமாப் பாட்டு கேட்டது. போலீஸ்காரர்களில் ஒருவர் முகம் மலர்ந்து, "ரேடியோ சார்" என்றார்.

"ரேடியோன்னா ஸ்டேஷன் மாத்தற குமிழ் எங்கய்யா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். போலீஸ்காரரின் முகம் சுருங்கியது. "ஸ்டேஷன் மாத்தத் தேவையில்லாத ரேடியோவ எதுக்கு ஒருத்தன் செய்வான்?"

"இது ரேடியோ இல்ல சார்" என்றான் கிருபா.

"அப்புறம் எப்படிப் பாடுது?"

கிருபாவுக்குப் பதில் தெரியாது. வயர்தான் ஏரியலாகிறது என்று ஊகித்திருந்தான். எந்த வயர், எதனால், எங்கே தவறு என்பது தெரியாது. தெரிந்திருந்தால் சரிசெய்திருப்பானே! உண்மையைச் சொன்னான்.

"அதுதான் சார் எனக்கும் தெரியல்ல."

புதிதாகத் தொடங்கியவன் சொல்லக்கூடிய ஒரே உண்மை அதுதான். பொய் சொல்கிறவனும் அதையேதான் சொல்வான். சப் இன்ஸ்பெக்டர் அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருப்பார்.

"நீ செஞ்ச பொட்டி. உனக்கே தெரியல."

"ஆமா சார்."

"கிடார் பொட்டின்னா கிடார் வாசி பார்க்கலாம்."

"எனக்கு வாசிக்கத் தெரியாது சார்."

சப் இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அப்போது கட்டிலிலிருந்து ஜெயசீலி சொன்னாள்:

"எனக்குத் தெரியும். கிடார எடுத்துத் தாங்க."

கிருபா எடுத்துக் கொடுத்தான். அவள் மெல்ல எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மீட்டினாள். உறுமலும் சினிமாப் பாட்டும் சேர்ந்து அவள் வாசிப்பை விழுங்கின. கிணற்றுக்குள்ளிருந்து வரும் அதே ஸ்வரம். சப் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"இஞ்ச பாருங்க" என்றாள் கிருபாவிடம். "அந்தத் தொளைகிட்ட இருக்கிற கம்பி. ஈயம் போட்ட இடம். அத விரலால அழுத்திப் பிடிங்க."

கிருபா அசையவில்லை. டப்பா கடிக்கிற டப்பா. அந்தக் கம்பியை அழுத்திப் பிடித்தால் டப்பாவும் கிடார்த் தந்தியும் ஒன்றாகிவிடும் என்பது அவனுக்குத் தெரிந்த கொஞ்ச விஷயங்களில் ஒன்று. டப்பாவில் ஊறுகிற மின்சாரம் தந்தி வழியாக அவள் விரலுக்குப் போகும். அவள் விரலிலிருந்து...

"பிடிங்க" என்றாள்.

"காலத் தூக்கி வச்சுக்கோ. கட்டில்லயே வை. சுவர்ல சாயாண்டாம்."

"ஏன்? ஏன் காலத் தூக்கச் சொல்ற?" சப் இன்ஸ்பெக்டர் ஒரு எட்டு பின்னால் போனார். போலீஸ்காரர்களும் போனார்கள்.

ஜெயசீலி சுவரை விட்டு விலகிக் கால்களை மடித்துக்கொண்டாள். கிருபா டப்பாவுக்குள் விரலை விட்டு அழுத்தினான். அவன் வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றிருந்தான். கை உதறியது, எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான்.

சினிமாப் பாட்டு நின்றது. உறுமல் நின்றது.

ஜெயசீலி வாசித்தாள்.

[இந்த இடத்தில் அரைப் பக்கம் இசையை வர்ணித்திருந்தேன். பனி, நதி, பறவை என்றெல்லாம் வந்தது. அடித்துவிட்டேன். இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது, ஆனால் அது கிடார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. போதும்.]

சப் இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் கேட்டார். "சரிம்மா, நிறுத்து" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்தார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். பிறகு போலீஸ்காரர்களிடம் கையைக் காட்டினார்.

"ரெண்டையும் ஏத்துங்க."

ஒன்று டப்பா. இன்னொன்று கிருபா.

"சார், அதான் வாசிச்சேனே" என்றாள் ஜெயசீலி.

"கேட்டேன்மா. விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்."

8

அந்தச் சப் இன்ஸ்பெக்டரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனுஷராக எழுத வேண்டும் என்பது நிபந்தனை. தண்ணீர் குடித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார், வாசித்ததைக் கேட்டார், கேட்ட பிறகும் கூட்டிக்கொண்டு போனார். இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் மீதி பொய்யாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஜெயசீலி கட்டிலில் கிடந்தாள். பதற்றப்படக் கூடாது. மூச்சை எண்ணி இழுத்தாள், விட்டாள். வயிற்றில் ஏதாவது வலிக்கிறதா என்று கவனித்தாள். தனக்கோடி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்களா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

தனக்கோடி தரையைப் பார்த்தபடி நின்றாள். "நான் அவராண்ட சொன்னேன். அவரு போய்ச் சொன்னாரு" என்றாள். "நீ கஞ்சியக் குடிம்மா. என்னைத் திட்டிக்கினே குடி."

ஜெயசீலி திட்டவில்லை. குடித்தாள், குழந்தைக்காக. அன்று முழுக்கத் தனக்கோடி அந்த அறையை விட்டுப் போகவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கிருபாவின் ஊர்ப்பக்கத்து ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. இன்னார் மகன், இன்ன ஊர், உண்மைதான். மத்தியானம் விட்டுவிட்டார்கள். டப்பாவையும் கொடுத்தார்கள். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அவன் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தான். சட்டையைக் கழற்றாமல் குளித்தான். "நான் நர்ஸு சார்" என்றார் ஜெயசீலி அக்கா. "சட்டைக்கு உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். அவர் காட்டல்ல. நான் கேக்கல்ல." அந்த இடத்தில் ஊசி மருந்துப் பையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். நானும் கிருபாவிடம் கேட்கவில்லை. கெப்பாசிட்டரைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.

9

அடுத்த நாள் சாயங்காலம் கிருபா டப்பாவைத் திறந்தான். 'இன்னுமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் அழுத்தச் சொன்ன இடம் எதுவென்று தெரிந்த பிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லையாம்.

அந்த ஈயத்தைச் சூடுகாட்டி உருக்கினான். பளபளப்புக்கு அடியில் கம்பி கறுத்துப்போய்த் தனியாக நின்றிருந்தது. ஈயம் அதைச் சுற்றி உறைந்திருந்ததே தவிர, பிடித்திருக்கவில்லை. பிளேடால் கம்பியைச் சுரண்டினான். செம்பு தெரிந்தது. கம்பியை நன்றாகச் சூடாக்கிப் புது ஈயம் வைத்தான். அது தானாக ஓடிப் பரவி ஒட்டிக்கொண்டது. டப்பா கடித்தது அதனாலும் இருக்கலாம் என்று, சுவரில் பிளக்கை இடவலம் மாற்றிப் போட்டான். ஸ்விட்சைப் போட்டு டப்பாவைப் புறங்கையால் தொட்டான். கடிக்கவில்லை. மறுபடி தொட்டான். இல்லை.

அணைத்துவிட்டு, கிடாரை மாட்டி ஜெயசீலி மடியில் வைத்தான். ஸ்விட்சைப் போட்டான்.

ஒன்றும் கேட்கவில்லை. உறுமல் இல்லை, கரகரப்பு இல்லை, குரல் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த டப்பா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கதவுக்கு வெளியே துளசிங்கத்தின் குரல் கேட்டது. கதவு சாத்தியிருந்தது.

"தம்பி... எம்மா..."

கிருபா கதவைத் திறக்கவில்லை.

"நான்தாம்மா போய்ச் சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பயம்மா. வேற இன்னா சொல்றது?" செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. "உள்ள வரல. மன்னிப்புன்னும் கேக்கல, அத்த எந்த மூஞ்ச வச்சிகினு கேக்கறது? அது இன்னா சத்தம்னே தெரியாம போய்ச் சொல்லிட்டேன்மா. ஒரு தபா வாசி. இங்கியே நின்னு கேட்டுக்கினு போய்ட்றேன்."

கிருபா மனைவியைப் பார்த்தான்.

"உனக்க இஷ்டம்" என்றான்.

10

முடிவு ஒன்று எழுதினேன்: அவள் வாசிக்கிறாள், வெளியே துளசிங்கம் அழுகிறார். படித்துப் பார்த்தபோது, கிருபா கழற்றாத சட்டை என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவள் கை நீட்டி ஸ்விட்சை அணைக்கிறாள். அந்த 'டிக்' சத்தம் கதவுக்கு வெளியே கேட்கிறது. இது எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. மறுநாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்த மனிதர் நினைவுக்கு வந்தார். கஞ்சியோடு தரையில் உட்கார்ந்திருந்தவளும் நினைவுக்கு வந்தாள். அதையும் கிழித்தேன்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவர்கள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அதே வீட்டிலா, வேறு வீட்டிலா என்று சொல்லமாட்டேன். சொன்னால் அன்று என்ன நடந்தது என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். ஜெயசீலி அக்கா சொன்னார். அதை எழுதட்டுமா என்று கேட்டேன். அப்பாவின் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தார்.

"வேண்டாம் சார். எழுதிட்டா அதுதான் சரின்னு ஆயிரும். எனக்கு அது சரியான்னு இன்னும் தெரியல்ல."

அதனால் நான் இங்கே நிறுத்துகிறேன். டப்பா ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். இந்தப் பக்கம் ஒருவன் முதுகு சுவரில் படாமல் நிற்கிறான். கிடார் மடியில் இருக்கிறது. ஆறு தந்திகள். விரல்கள் தந்திக்கு மேலே, இன்னும் தொடவில்லை.

இவ்வளவு நேரம் வாசித்தீர்கள். இப்போது சொல்லுங்கள், வாசிப்பீர்களா?